பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம்தான் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு வாரத்தில் பதினாறு மணி நேரம்தான் வேலை, கை நிறையச் சம்பளம், மே மாதம் லீவு வேறு என்ற பேச்சு கல்யாணப் பந்தியிலிருந்து டிவி விவாதம் வரை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை, நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு அது நல்ல சம்பளம்தான். ஆனால் அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடி வகுப்பு என்று இருக்கிறது. மொத்த வேலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் அதே விதியில்தான் இருக்கிறது. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ்த் துறையில் இருக்கிறேன். எங்கள் துறை மாணவர்கள் போக, இயற்பியல், வணிகவியல், கணினி என்று எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் பகுதி ஒன்று எனப்படும் மொழிப் பாடமான தமிழை நாங்கள்தான் எடுக்கிறோம், ஒவ்வொரு வகுப்பிலும் அறுபது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், வருகைப் பதிவு, மார்க்கை இணையத்தில் ஏற்றுவது, ஏற்றியதில் தப்பு என்று வரும் பிள்ளைக்குத் திருத்திக் கொடுப்பது. சரி, இது ஆசிரியர் வேலை, இதற்கு நான் அலுத்துக்கொள்ளவில்லை.

அலுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசிய அமைப்பான நாக்கின் குழு ஒருமுறை வந்து பார்த்துத் தரம் கொடுத்துவிட்டுப் போவதோடு கதை முடிவதில்லை, ஒவ்வொரு ஆண்டும் தர அறிக்கை அனுப்ப வேண்டும், ஏழு அளவுகோல்களுக்கும் ஆதாரம் சேர்க்க வேண்டும். ஒரு சிறப்புச் சொற்பொழிவு வைத்தால் அழைப்பிதழ், கையெழுத்துப் பட்டியல், அறிக்கை, அப்புறம் இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் போட்டோ எல்லாம் வேண்டும். பேச வந்தவர் குறுந்தொகையைப் பற்றி என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அவர் பேசும்போது நாங்கள் பேனர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். இதே தகவல்களைத்தான் 2016 முதல் வரும் தேசியத் தரவரிசைக்கும், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கும், பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவத்தில் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். நிர்வாக வேலை பார்க்கிறவர் வகுப்பு நேரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி பெருந்தன்மையோடு அனுமதிக்கிறது. இரண்டு மணி நேரத்தில் எக்செல் கோப்பு திறந்து மூடத்தான் சரியாக இருக்கும்.

அடுத்தது ஆராய்ச்சி. பதவி உயர்வு வேண்டுமென்றால் புள்ளி சேர்க்க வேண்டும். 2018 அட்டவணைப்படி எங்கள் துறை போன்ற மொழித் துறையில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளி. ஒரு முழுப் புத்தகத்தை மொழிபெயர்த்தால் 8. மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நல்ல நூலைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர், எட்டுப் பக்கக் கட்டுரை எழுதியவருக்குக் கீழே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஒரு பக்கமாவது மொழிபெயர்த்துப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் பெருகியதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதைத் தடுக்கத்தான் ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று மானியக் குழுவே சொல்லும் கேர் பட்டியல் என்று ஒன்று வந்தது, 2025-ல் அதையும் கைவிட்டார்கள். இப்போது எந்த இதழ் நல்லது என்று கல்லூரியே முடிவு செய்துகொள்ள வேண்டுமாம், அதற்கும் ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டியிலும் நாங்கள்தான்.

இத்தனைக்கும் நடுவில், வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் பிள்ளைக்குத்தான் நேரம் குறைகிறது. படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள் ஐயா என்று ஒரு மாணவி வந்து அழுதால் ஒரு மணி நேரம் போகும், போகத்தான் வேண்டும், அதற்கு எந்த அட்டவணையிலும் புள்ளி கிடையாது.

என் நிலைமையாவது பரவாயில்லை. பக்கத்து மேசையில் இதே வகுப்புகளை எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் பல ஆண்டுகளாக அதில் பாதிக்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. காலியான இடங்களை நிரப்பாமல் அவர்களை வைத்தே ஓட்டுவதால், கமிட்டி வேலை எல்லாம் மிச்சம் இருக்கும் நிரந்தர ஆட்கள் தலையில் விழுகிறது.

மே மாத லீவைச் சொல்ல மறந்துவிட்டேனே, அதில் பெரும்பகுதி விடைத்தாள் திருத்தும் முகாமிலும் அட்மிஷன் மேசையிலும் போகிறது. உயர்கல்வித் துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலியிடங்களை நிரப்புங்கள். தகவலை ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் ஒருமுறை வாங்கிக்கொண்டு நீங்களே பகிர்ந்துகொள்ளுங்கள். அதுவரைக்கும் கல்லூரிக்கு ஒரு டேட்டா என்ட்ரி ஆளையாவது போடுங்கள், அவருடைய ஒரு மாதச் சம்பளம் நாக் குழு வரும்போது சுவருக்கு அடிக்கும் பெயின்ட் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ்த் துறை இணைப் பேராசிரியர் ஒருவர்,
மதுரை.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)