கதவை மூடுமுன் காரணத்தை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாங்குபவர் போல நடித்து போதைப்பொருள் வியாபாரியைப் பிடித்த மாறுவேடப் போலீஸ்காரர் சாட்சி சொல்லக் கூண்டேறும்போது, பொதுமக்களை வெளியே அனுப்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முகம் தெரிந்துவிட்டால் அவர் மறுபடி அந்தத் தெருவில் வேலை பார்க்க முடியாது, உயிருக்கும் ஆபத்து. ஆனால் அந்த ஆபத்து என்னவென்று நீதிபதி விசாரித்து எழுத வேண்டும்.

நியூயார்க்கில் இதற்கென்றே 'ஹிண்டன் விசாரணை' நடக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெயர் அது. இன்னும் மாறுவேடப் பணியில்தான் இருக்கிறாரா, எந்தப் பகுதியில், முடியாத வழக்குகள் உண்டா, மிரட்டல் வந்ததா, நீதிமன்றத்துக்குள் எந்த வாசல் வழியாக வருகிறார் என்று அந்தப் போலீஸ்காரரையே கேட்பார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யலாம். 1993-ல் மார்ட்டினஸ் வழக்கில் 'பிராங்க்ஸ் பகுதியில் வேலை பார்க்கிறேன்' என்ற பொதுவான பதில் எடுபடவில்லை. பிராங்க்ஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கும் அந்தப் போலீஸ்காரருக்கும் என்ன தொடர்பு என்பதை அந்தப் பதில் காட்டவில்லை. கைது நடந்த அதே இடத்துக்குத் திரும்பப் போகிறவர் என்றால் கதை வேறு.

எவ்வளவு நேரம் மூடுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சூதாட்ட வழக்கில், ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்கள் ஓடியது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. விசாரணை மூடப்பட்டிருந்ததோ 7 நாள் முழுக்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல் அதை ஏற்கவில்லை. மாற்று வழி உண்டா என்று பார்ப்பதும் நீதிபதியின் கடமை என்றது. யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதியே யோசிக்க வேண்டும் என்று 2010-ல் தெளிவுபடுத்தியது. திரை கட்டலாம். வாசலில் ஒரு காவலரை நிறுத்தி, வருபவர் யார் என்று விசாரிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் தாயையும் மனைவியையும் வெளியேற்றத் தனிக் காரணம் வேண்டும். அவர்கள் எப்போதும் அவர் பக்கம் என்ற எண்ணம் மட்டும் போதாது.

நம் ஊரில் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 366-ஆவது பிரிவு, நீதிபதி தகுந்ததென்று நினைத்தாலே பொதுமக்களை வெளியேற்ற இடம் தருகிறது. காரணத்தை எழுத வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் திரை, ஒருவழிக் கண்ணாடி, முகத்தையும் குரலையும் மாற்றிக் காட்டும் காணொளி எல்லாம் இருக்கின்றன. எந்தச் சாட்சிக்காக, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, யாருக்கு விலக்கு, திரை ஏன் போதாது என்ற நான்கையும் உத்தரவிலேயே எழுத உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை விடலாம். சாட்சி இறங்கியதும் கதவைத் திறந்த நேரமும் அதே தாளில் பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், மதுரை