ஈயின் வயிற்றுக்குள்ளும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் புளோக்கில் டெங்கியைக் கட்டுப்படுத்த, வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை விட ஆரம்பித்ததிலிருந்து அம்மா தாழ்வாரத்தில் செருப்பும் கையுமாகத்தான் நிற்கிறார். 'ஆண் கொசு கடிக்காதும்மா, அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது' என்று எத்தனை முறை சொன்னாலும், 'ரத்தம் குடிக்காமலா இத்தனை சுத்து சுத்துது?' என்கிறார். சரி, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கிருமி என்றாலே கெட்டது என்றுதானே நாம் படித்தோம்.

இந்த வொல்பாக்கியா, பூச்சியின் உயிரணுக்களுக்குள் வாழ்வது. பூச்சியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் கதை இன்னும் விசித்திரம். ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ ரத்தம் மட்டுமே குடிப்பதால் அதற்குக் கிடைக்காத பி வைட்டமின்களை அதன் குடலோடு ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியாதான் தயாரித்துக் கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் ஈயால் ஒழுங்காக இனப்பெருக்கம்கூடச் செய்ய முடியாது. காலா அசார் என்ற கருங்காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈக்களிலும் குடல் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு: ஆய்வுக்கூடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்து மணல் ஈயின் குடல் பாக்டீரியாக்களை அழித்தபோது, அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் நோய் தொற்றவைக்கும் நிலைக்கு வளர முடியவில்லை. அப்புறம், ஈ கடிக்கும்போது அந்தக் குடல் பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணியோடு நம் தோலுக்குள் இறங்குகின்றனவாம்!

டெங்கி பற்றி வாராவாரம் எழுதும் நீங்கள் இதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினால், வெட்டி அம்மாவின் கையில் கொடுப்பேன். பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரை மட்டும் நான் சொல்லாமலே கொட்டிவிடுகிறார்.

வாசகி,
ஈசூன்