அப்பாவின் குதிகால்

பாலக்கோடு

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த மறுநாள் டாக்டர் வந்து, அவர் காலைத் தூக்கிக் குதிகாலுக்கு மேலே தடித்திருந்த தசைநாரை விரலால் அழுத்திப் பார்த்தார். "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கப்பாவுக்கு இருந்ததே! தக்காளித் தோட்டத்திலிருந்து வந்ததும் சுடுதண்ணீர் ஊற்றிக் காலைத் தேய்த்துவிடுவேன். அந்த இடம் மட்டும் முறுக்கின கயிறு மாதிரி கெட்டியாக இருக்கும். வரப்பில் நடந்து காய்த்துப்போனது என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தோம். அது கொழுப்பாம். ரத்தத்தில் மிஞ்சினது அங்கே போய்ப் படிந்திருக்கிறது.

அப்பா 43 வயதில் மாரடைப்பில் போனபோது, நான் எண்ணெயை ஊற்றி ஊற்றிச் சமைத்ததால்தான் என்று பேசினார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் தின்ற மனுஷன், பீடி தொட்டதில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பேச்சு என் நெஞ்சில் கிடந்தது. டாக்டர் இப்போது விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கான மரபணுவில் பழுது இருந்தால், பிறந்த நாளிலிருந்தே அது ரத்தத்தில் தேங்கிவிடும். சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதுமான அளவு இறங்காது, மாத்திரையும் வேண்டும். பரம்பரை அதிகக் கொழுப்பு (familial hypercholesterolemia) என்று இதற்குப் பெயர், சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் கண்ணு.

பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காவுக்கு உடனே பார்த்தோம். எல்.டி.எல். என்கிற அந்தக் கெட்ட கொழுப்பு 226. வயசு வந்தவர்களுக்கு 190 தொட்டாலே இதைச் சந்தேகப்பட வேண்டுமாம். அவளுக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. (பிள்ளை பெற நினைக்கும்போது முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.)

நீ ஒல்லி, தினமும் ஓடுகிறாய். சித்தப்பாவும் ஒல்லிதான். உன் குதிகாலைத் தொட்டுப் பார், ஆனால் தடிப்பு இல்லை என்று சும்மா இருந்துவிடாதே. அக்காவுக்கும் தடிப்பு இல்லை.

லிப்பிட் புரொஃபைல் என்கிற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடு. கூடவே லிப்போபுரோட்டீன் (ஏ), அதாவது Lp(a), என்று ரத்தத்தில் இன்னொரு கொழுப்பு வகை இருக்கிறது, அதையும் கேள். அதுவும் பரம்பரையாக வருவது, பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். டாக்டரிடம் அப்பா வயதையும், சித்தப்பாவுக்கு 41-ல் இதய அடைப்பு வந்ததையும் மறக்காமல் சொல்.

அப்புறம், அத்தை பெண்ணைப் பற்றி. நம் பக்கம் உறவில் கட்டுவது வழக்கம், எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் இது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் சின்ன வயதிலேயே இதயத்தைப் பாதிக்கும். அத்தையிடம் நானே பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டாள். நேற்று அவளும் மகளும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பேசுவோம்.

சனிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்கே போய்விடு. ரிப்போர்ட் வந்ததும், எப்படி இருந்தாலும், எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. அக்கா படித்துச் சொல்வாள்.

அம்மா