‘குழந்தை நேரில் பார்க்கவில்லை’ என்று எழுதியவர்களுக்கு

குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்திருக்க வேண்டும். நல்ல மனுஷி. என் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து, "அப்பா அம்மாவை அடிச்சதை நீ பார்த்தியா?" என்று கேட்டார். அப்பா அடுத்த அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. இல்லை என்றேன். கதவு சாத்தியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அது பொய் இல்லை. சத்தம் கிளம்பியதும் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவது என் வழக்கம். அவன் காது இரண்டையும் என் கைகளால் பொத்திக்கொள்வேன். என் காதைப் பொத்தக் கை மிச்சம் இருக்காது. அதனால் நான் எதையும் பார்த்ததில்லை. கேட்காதது என்றும் எதுவும் இல்லை.

வளர்ந்த பிறகு விண்ணப்பம் போட்டு எங்கள் கோப்பின் நகலை வாங்கினேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது: "குழந்தை நேரில் பார்க்கவில்லை. பாதிப்பு எதுவும் தென்படவில்லை." அடுத்த பத்தியில், நான் வயதுக்கு மீறிய பொறுப்போடு தம்பியைக் கவனித்துக்கொள்வதாகப் பாராட்டு வேறு. அந்தப் பாராட்டைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாதிப்பு என்ன என்று தேடிக்கொண்டு வந்தவர் அதைக் கண்ணால் பார்த்து, நல்ல குணம் என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அடி விழும் அந்தப் பத்து நிமிடத்தோடு இது முடிவதில்லை. பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே இன்று எப்படிப்பட்ட இரவு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அம்மாவின் குரல் ஒரு சுருதி ஏறினால் பாடப்புத்தகத்தை மூடிவிட வேண்டும். வகுப்பில் யாராவது நாற்காலியை வேகமாக இழுத்தால் என் உடம்பு முதலில் விறைக்கும், என்ன சத்தம் என்பது அப்புறம்தான் புரியும். இதையெல்லாம் "பார்த்தாயா" என்ற ஒரு கேள்வியால் பிடிக்க முடியாது. நேற்று ராத்திரி தூங்கினாயா, சண்டை வந்தால் எங்கே போவாய், தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருந்தால் நான் கட்டிலைக் காட்டியிருப்பேன்.

சட்டங்கள்கூட இதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002ஆம் ஆண்டு நிறைவேறிய ஒரு சட்டம், பிறர் வதைபடுவதைக் காண்பதாலோ கேட்பதாலோ குழந்தைக்கு வரும் கேடும் கேடுதான் என்று விளக்கத்தைத் திருத்தியது. கேட்பது என்ற சொல் உள்ளே வந்த பிறகும், குழந்தையே பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் சொல்ல 2021 வரை ஆனது. அதுவரை நாங்கள் சாட்சிகள். சாட்சி என்றால் சம்பவத்துக்கு வெளியே நிற்பவர் என்று தோன்றுகிறது இல்லையா? கட்டிலுக்கு அடியில் இருந்த எங்களுக்கு வெளியே என்று ஒரு இடம் கிடையாது.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. கோப்பை முழுக்க வாசித்த பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறார். ஒத்துழைக்கிறார், ஒத்துழைக்கவில்லை, பதற்றமாகப் பேசுகிறார், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறார், குழந்தைகளைப் பாதுகாக்கத் தவறுகிறார். அப்பா மொத்தம் இரண்டு இடத்தில் வருகிறார். ஒன்று அவருடைய தொழில். இன்னொன்று, வேறொரு நாள் சந்திக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லை என்பது. அடித்தவர் யார் என்று சொல்லும் ஒரு வாக்கியம்கூட இல்லை. "வீட்டில் வன்முறை நிகழ்ந்தது" என்றிருக்கிறது, மழை பெய்தது என்பதைப் போல. "தம்பதியரிடையே தகராறு" என்றிருக்கிறது. தகராறு என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டுமே.

கடைசியில் அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். குழந்தைகள் முன்னிலையில் இனி வன்முறை நடக்க விடமாட்டேன் என்று அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரால் தடுக்க முடிந்திருந்தால் உங்களுக்கு எங்கள் வீட்டில் வேலையே இருந்திருக்காது. அப்பாவிடம் எந்தத் தாளும் நீட்டப்படவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் மட்டும் செய்த தவறு என்று இதை நான் நினைக்கவில்லை. நியூயார்க் நகரில், துணையிடம் அடிபட்ட தாய்மார்களின் மீதே, அவர்கள் வன்முறையில் 'ஈடுபட்டார்கள்' என்று குற்றம் சுமத்திக் குழந்தைகளை எடுத்துப் போகும் வழக்கம் இருந்தது. நிக்கல்சன் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் அது வெளியே வந்தது. 1999இல் கை முறிந்து, விலா எலும்பு உடைந்து மருத்துவமனைக்குப் போகும் முன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார் நிக்கல்சன் என்ற அந்தத் தாய். மகன் பள்ளியில் இருந்திருக்கிறான், கைக்குழந்தை வேறு அறையில் இருந்திருக்கிறது. அப்படியும் குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மாநிலத்தின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தெளிவாகச் சொன்னது: வன்முறை நடக்கும் வீட்டில் குழந்தை இருந்தது என்பது ஒன்றே தாயின் அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. பிரிப்பதால் குழந்தைக்கு வரும் கேட்டையும் தராசின் மறுதட்டில் வைத்தாக வேண்டும்.

அந்த மறுதட்டு உங்கள் படிவங்களில் இல்லை. வீட்டில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அடி வாங்கியும் தன்னைத் தூங்கவைத்த அந்த ஒரே ஆளிடமிருந்து குழந்தையைப் பிரித்தால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு வரிகூட இல்லை. பிரித்தே தீர வேண்டிய வீடுகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அடித்தவரை வெளியே அனுப்ப முடியுமா என்று பார்ப்பதற்கு முன்பே குழந்தையின் துணிகள் பைக்குள் போய்விடுகின்றன.

இதற்கு எதிர்த்திசையில், நல்லெண்ணத்தோடு செய்ததும் தடுமாறியிருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1999இல், வீட்டு வன்முறைக்கு ஆட்பட்ட குழந்தைகளை அலட்சியத்துக்கு உள்ளானவர்கள் என்ற விளக்கத்துக்குள் கொண்டுவந்தது. புகார்கள் குவிந்தன. பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அடுத்த ஆண்டே அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். எல்லா வீட்டையும் விசாரணைக்குள் இழுத்துவிட்டு எந்த வீட்டுக்கும் எதுவும் கொடுக்காமல் போனால், தாய்மார்கள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே, பிள்ளைகள் போய்விடுவார்கள். எங்கள் அம்மா உங்களிடம் "முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன" காரணம் இதுதான். நான் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"அவள் ஏன் விட்டுப் போகவில்லை" என்று உங்கள் கூட்டங்களில் கேட்கப்படும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா விட்டுத்தான் போனார். போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரு அலுவலகம், அப்பாவின் அருகில் போனால் குழந்தைகளைக் காப்பாற்றத் தவறுகிறாய் என்றது. இன்னொரு இடத்தில், தகப்பனைப் பார்க்கக் குழந்தைகளை வாராவாரம் அனுப்பாவிட்டால் நீ நல்ல தாய் இல்லை என்றார்கள். மரியான் ஹெஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை மூன்று கோள்கள் என்கிறார். வீட்டு வன்முறையைக் குற்றமாகப் பார்க்கிறவர்கள் ஒரு கோளில், குழந்தைப் பாதுகாப்புக்காரர்கள் ஒரு கோளில், பிரிந்த பெற்றோரின் சந்திப்பு உரிமையைத் தீர்மானிக்கிறவர்கள் இன்னொன்றில். முதல் கோளில் குற்றவாளியாக இருக்கும் அதே மனிதர் மூன்றாவது கோளில் பாசமுள்ள தந்தை ஆகிவிடுகிறார். நடுவில் உள்ள கோளில் கேள்வி கேட்கப்படுவது தாய். வாராவாரம் எங்களை அப்பாவிடம் ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் அம்மாவிடம் மிச்ச எல்லாவற்றையும் பேசி முடிப்பார். தம்பி அந்தக் கிழமைகளில் காலையிலேயே வாந்தி எடுப்பான்.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் கையில் அளவுக்கு மீறிய வழக்குகள். ஏதாவது ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்தால் முதலில் உருளும் தலை உங்களுடையது. அதோடு, அடிக்கிற மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டி அவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கும் பயமாக இருக்கும். பயத்தில் நீங்கள் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறீர்கள். அதில் எனக்குக் கோபம் குறைவு. ஆனால் பயந்தேன் என்று கோப்பில் எழுதுங்கள். உத்தியோகம் உள்ள உங்களுக்கே அவரிடம் பேசத் தயக்கம் என்று அதில் பதிவாகியிருந்தால், அம்மாவை யாரும் அப்படிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. யார், யாரை, எப்போது, என்ன செய்தார் என்று எழுவாய் வைத்து எழுதுங்கள். எந்த உத்தரவும் முதலில் அடித்தவரின் பெயருக்குப் போகட்டும். தாய் அதுவரை என்னென்ன செய்து குழந்தைகளைக் காத்தார் என்று கேளுங்கள். எங்கள் அம்மா எங்களை ஏழரை மணிக்கே தூங்க அனுப்பியது ஒழுங்குக்காக இல்லை, அப்பா வருவது எட்டு மணிக்கு. அது கோப்பில் "கண்டிப்பான தாய்" என்று பதிவாகியிருக்கிறது. குழந்தையிடம் தனியாக, ஒரு முறைக்கு மேல் பேசுங்கள். தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இலேயே எழுதிவைத்துவிட்டது. முடிவு என்ன என்று திரும்பி வந்து சொல்வதும் அதில் சேர்த்திதானே?

பள்ளிக்கூடத்தை மறந்துவிடாதீர்கள். 2011இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். இரவு வீட்டுக்குக் காவலர் வந்துபோனால், மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளியில் குறிப்பிட்ட ஒரு ஆசிரியருக்குத் தகவல் போய்விடும். அவ்வளவுதான். காவலர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒரு இரவின் மறுநாள், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று நான் வகுப்புக்கு வெளியே நின்றேன்.

கோப்பின் மூன்றாவது பக்கத்தைத் திருத்தக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். பழைய பதிவை அழிக்க முடியாது, வேண்டுமானால் ஒரு குறிப்பைச் சேர்த்து வைக்கலாம் என்று பதில் வந்தது. சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். "நேரில் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தேன். எல்லாம் கேட்டது. அடித்தவர் அப்பா." கிடைத்ததற்கான ரசீது இன்னும் வரவில்லை.