எடையைப் பார்த்தீர்கள், கல்லீரலை?

காசநோய்த் திட்டத்தை நடத்தும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே எங்கள் சித்தப்பாவுக்குச் சோற்று வாசனை ஆகாமல் போனது. "டிபி மாத்திரைன்னா குமட்டத்தான் செய்யும், நிறுத்திடாதீங்க" என்று சிகிச்சை மையத்தில் சொல்லி அனுப்பினார்கள். கண் மஞ்சளான பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை அத்தனையும் நிறுத்தப்பட்டு, தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கப்பட்டது. அதுவரை சித்தி காலையில் கீழாநெல்லி அரைப்பார், ராத்திரி அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மூட்டை தூக்கிப் பிழைக்கிற மனிதர். படுத்துக் கிடந்த நாளுக்குக் கூலி ஏது?

டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோநியசிட் மருந்தைக் கல்லீரலில் கழித்துக்கட்டும் வேலை நாட்2 (NAT2) என்ற மரபணுவுடையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது மந்தமாக வேலை செய்யும் வகை; மருந்து சீக்கிரம் கழியாததால் கல்லீரல் கெடும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல். இந்த மந்த வகை, வேக வகை ஆராய்ச்சி 1960-களிலேயே சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் நடந்ததுதான். 2013-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நாட்2-ஐப் பார்த்து மந்த வகையினருக்கு ஐசோநியசிட் அளவைக் குறைத்தபோது கல்லீரல் பாதிப்பு வரவில்லை. நாமோ இன்னும் 35 கிலோவா, 50 கிலோவா என்று எடை பார்த்து மாத்திரையை எண்ணித் தருகிறோம். சித்தப்பா எந்த வகை என்று இன்றுவரை தெரியாது. யாரும் பார்க்கவில்லை.

கூடவே தரும் ரிஃபாம்பிசின், பைரசினமைடு மருந்துகளும் கல்லீரலைப் படுத்தும், சரி. ஆனால் நாட்2-ஐ வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். மாத்திரை தொடங்கும் முன் அதைப் பாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

மாத்திரை போட்டாரா என்று போன் செய்து கேட்கத் தெரிகிறது. வாந்தி எடுத்தாரா என்று கேட்க மட்டும் படிவத்தில் இடமில்லை போலும்! 'காசநோய் இறப்பில்லா திட்டம்' வந்தபின் ஆக்சிஜன், கால் வீக்கம், தானாக நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்க்கிறீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். அதே படிவத்தில் நாட்2-க்கு ஒரு கட்டம் சேருங்கள். அது வரும்வரை, குமட்டுகிறது என்று சொன்னவருக்கு அன்றைக்கே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்ய உத்தரவிடுங்கள்.

நிதி இல்லையென்றால் அதையாவது எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அண்ணன் மகன்