எடிட்டர் எழுதுபவர்களே, வரி எப்போதும் குட்டையாக இருக்காது

டெக்ஸ்ட் எடிட்டர் உருவாக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு ஜேசான் கோப்பை, அதாவது நிரல்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்துக் கோப்பை, எடிட்டரில் திறந்தேன். 8 எம்பிதான், ஆனால் நடுவில் ஒரு என்டர்கூட இல்லை, மொத்தமும் ஒரே வரி. எனக்கு வேண்டியது அதிலிருந்த ஒரு தேதி. கர்சர் நின்றது, ஃபேன் இரைய ஆரம்பித்தது, கடைசியில் மூடவா காத்திருக்கவா என்று கேட்டது. மூடினேன். பக்கத்து டேபில் சேமிக்காமல் வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து போயிற்று.

அதே கோப்பை ஜேசானை அலசும் ஜேகியூ என்ற கருவியில் கொடுத்து வரி வரியாகப் பிரித்து அதே எடிட்டரில் திறந்தால், இடைவெளிகள் சேர்ந்து அளவு கூடியிருந்தும், சட்டென்று திறக்கிறது. கோளாறு அளவில் இல்லை. நிரலின் சொற்களுக்கு வகைவாரியாக வண்ணம் பூசுவது, நீள வரியைத் திரைக்குள் மடிப்பது, அகலம் கணக்கிடுவது, திரும்ப வரைவது என எல்லாவற்றையும் வரிக்கணக்கில் செய்கிறீர்கள். ஓர் எழுத்தைத் தட்டினால் "இந்த வரி மட்டும்தானே மாறியது" என்று அதை மறுபடி முதலிலிருந்து படிக்கிறீர்கள், ஆனால் இங்கே அந்த வரிதான் முழுக் கோப்பும்! அதில் தமிழ் இருந்துவிட்டால் இன்னும் மோசம். ஒரே அகல ஆங்கில எழுத்து என்றால் எண்ணிப் பெருக்கி இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 'கொ' அப்படி இல்லையே, உள்ளே இரண்டு குறியீடு, திரையில் ககரத்துக்கு இரு பக்கமும் கொம்பும் காலும்.

இப்படி வரியை யார் எழுதுவார்கள் என்று கேட்காதீர்கள். மனிதர் யாரும் எழுதுவதில்லை, நிரல்கள் எழுதுகின்றன. இடைவெளிகளை நீக்கிச் சுருக்கிய (மினிஃபை செய்த) ஜாவாஸ்கிரிப்ட், நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே இன்சர்ட் கட்டளையில் அடைக்கும் டேட்டாபேஸ் நகல் (டம்ப்). அதையெல்லாம் நாங்கள் ஆசைக்காகத் திறப்பதில்லை, ஏதோ உடைந்திருக்கும்போதுதான் திறக்கிறோம்.

தீர்வு தெரியாத விஷயமும் இல்லை. விம் எடிட்டர் வழக்கமாக ஒரு வரியில் 3,000-ஆம் நெடுவரிசைக்கு (column) மேல் வண்ணம் பூசுவதை நிறுத்திவிடும். விஎஸ் கோட் 20,000 எழுத்தைத் தாண்டிய வரியை வண்ணத்துக்காகப் பிரித்துப் பார்ப்பதில்லை. நீள வரி என்றாலே திணறும் என்று பெயர் வாங்கிய ஈமேக்ஸ்கூட 2020-இல் 27-ஆம் பதிப்போடு நீள வரியைக் கண்டால் கனமான வசதிகளை அணைக்கும் சோ-லாங் என்ற முறையைச் சேர்த்தது, 2023-இல் 29-ஆம் பதிப்பில் திரையில் காட்டும் நிரலிலேயே திருத்தம் செய்தது.

வண்ணம் போனால் போகட்டும், எனக்குக் கவலையே இல்லை. முதலில் திறந்து கர்சரைக் கையில் கொடுங்கள், மற்ற அலங்காரமெல்லாம் அப்புறம் வரட்டும். எஸ்கேப்பை அழுத்தினால் நடக்கிற வேலை நிஜமாகவே நிற்க வேண்டும். எதையாவது அணைத்திருந்தால் கீழே ஒரு மூலையில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடைப்புக்குறி ஏன் ஜோடி காட்டவில்லை என்று நான் செட்டிங்கைக் குடைந்துகொண்டிருப்பேன்.

சோதித்துப் பார்க்கக் கோப்பு இல்லை என்றால், ஓர் எழுத்தை 1 கோடி முறை என்டர் இல்லாமல் எழுதும் ஸ்கிரிப்ட் இரண்டு வரிக்கு மேல் வராது. அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் அந்தக் கோப்பின் நடுவே போய் ஒரு காற்புள்ளியைத் தட்டிப் பாருங்கள்.