நாலாம் தோலுரிப்பு

தேன்கனிக்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். என் முட்டி வலி அப்படியேதான், சின்னவன் மறுபடியும் வேலை மாறிவிட்டான், அம்மா உன்னைக் கேட்டாள். போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த முறை என் பட்டுப்புழுவில் பாதி போய்விட்டது. நூறு முட்டைத் தொகுதி, அதாவது நூறு அந்துப்பூச்சி இட்ட முட்டைகள், எடுத்திருந்தேன். மூன்று தோலுரிப்பு வரை ஒரு குறையும் இல்லை. நாலாவதுக்குப் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தன, நம் தாவரவியல் வகுப்பில் நீ உட்காருவாயே, அப்படி. இலையை நிறுத்திச் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாளுக்கு மேல் ஆகும்தான். ஆனால் அதற்குப் பிறகும் பாதிப் புழு எழவில்லை. சிலதுக்குப் பழைய தோல் பாதி கழன்று இடுப்பில் சுருண்டு கிடந்தது. சிலதுக்குப் புதுத் தோலே கிழிந்து ஈரம் கசிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, டி.

நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது: நாலைந்து நாளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்து அடித்தார்கள், காற்று என் மல்பெரிப் பக்கம் வீசியது. போய்க் கேட்டேன். நோவலுரானாம். பூச்சித் தோலில் இருக்கும் கைட்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கும் மருந்து. தக்காளிக் காய்ப்புழுவுக்கு வைத்தது என் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் செத்த விதம் அதைத்தான் சொல்கிறது.

அன்றிலிருந்து இந்தத் தோல் விவகாரம் என்னை விடமாட்டேன் என்கிறது. பூச்சியின் மேல்தோல் எதனால் ஆனது? கைட்டின், ஒரு மார்க். எழுதிவிட்டு வந்தோமே, அது பாதிப் பதில்தான். கைட்டின் வெறும் நார். அதோடு பின்னிக்கொள்ளும் புரதங்கள்தான் தோல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. ஒரே புழுவைப் பார். உடம்பு வெண்ணெய், தலையும் தாடையும் ஓடு. கைட்டின் இரண்டிலும் உண்டு. புரதங்கள் வேறு, அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டும் அளவும் வேறு. ரீபர்ஸ், ரிடிஃபோர்டு என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1988இல் ஒன்றைக் கவனித்தார்கள்: வெவ்வேறு பூச்சிகளின் தோல் புரதங்களில் ஒரே மாதிரியான ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. கைட்டினைப் பிடித்துக்கொள்ளும் கை அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. பட்டுப்புழுவில் தோல் புரதங்களுக்கென்றே இருநூறுக்கு மேல் மரபணுக்கள் இருக்கின்றன. உன் கல்யாணப் புடவைப் பெட்டியே தோற்றது! அந்த மரபணுக்களில் ஒன்று பழுதானாலும் சும்மா இல்லை. ஸ்டோனி என்று ஒரு பிறழ்வு ரகம் உண்டு. ஒரு புரதம் கெட்டதில் புழுவின் உடம்பு தொட்டால் கல் மாதிரி விறைத்திருக்குமாம், சரியாக நெளிய முடியாதாம்.

முட்டையிலிருந்து வந்த புழு இருபத்தைந்து நாளில் சுமார் பத்தாயிரம் மடங்கு எடை ஏறுகிறது. உடம்புத் தோல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், தலை ஓடு கொடுக்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் புதுத் தலை பழையதற்குப் பின்னால் பெரிதாக வளர்ந்து, பழையதைத் தொப்பி மாதிரி முன்னால் தள்ளிவிடுகிறது. பழைய தோலைக் கழற்றும் முன்பே அடியில் புதியது தயார். பழையதன் உட்பகுதியைக் கரைத்து உறிஞ்சி, அதையும் வீணாக்காமல் எடுத்துக்கொள்கிறது. நம் அம்மாக்கள் பழைய சேலையில் தலையணை உறை தைத்த மாதிரி. இந்த ஏற்பாட்டின் நடுவில் கைட்டின் இல்லையென்றால் புரதங்கள் எதைப் பிடிக்கும்? வெறும் கையோடு நிற்கும், புழு ஒரு தடவை முக்கினால் தோல் கிழியும். என் தட்டில் கண்டது அதுதான்.

சரி, புலம்பல் போதும். பக்கத்துத் தோட்டக்காரர் இனி முதல் நாளே சொல்வதாக ஒத்துக்கொண்டு ஒரு கூடை தக்காளி கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன், என்ன செய்வது. பிழைத்த புழுக்கள் இன்று காலைதான் கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் ஏறின.

உன் ரெக்கார்டு நோட்டு இன்னும் இருந்தால் வரும்போது எடுத்துவா, கரப்பான் தலை வரைந்த பக்கம் வேண்டும். என்னுடையதைக் கரப்பானே தின்றுவிட்டது.

உன்
மல்லிகா